லயன் என்றொரு நூலிழை

சென்ற தவணை முடிவில் எங்கள் கல்லூரியில் நடந்த ஒரு சிறு சம்பவத்தோடு இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன். உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் புலமைப்பரிசில் ஒன்றுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. படிவம் கணினித் திரையில் இருந்தது, முழுவதும் ஆங்கிலம். பெயர், பிறந்த திகதி எல்லாம் ஒழுங்காக நிரப்பியவன் விலாசம் எழுதும் இடத்தில் நின்றுவிட்டான். அங்கே ‘அட்ரஸ் லைன் வன்’ என்று இருந்தது. பையன் திரும்பி என்னைப் பார்த்துச் சொன்னான்: “சேர், இது பிழை. நாங்க லைன் ஒன்னுல இல்லையே, நாலாம் நம்பர் லயத்துல தானே இருக்கோம்?”

பக்கத்தில் நின்ற நகரத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சிரிக்க முடியவில்லை என்பதே சரி. யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு றப்பர்த் தோட்டத்தில், இரண்டாம் நம்பர் லயத்தின் ஐந்தாவது காம்பராவில் பிறந்தவன் நான். அவன் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். அன்று இரவு அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு அந்த ஒரு சொல்லின் பின்னாலேயே போனேன். போன வழியில் கண்டவற்றைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள நினைக்கிறேன்.

ஆங்கிலத்தில் ‘லைன்’ என்ற சொல்லுக்கு உள்ள பொருள்களை ஒரு வகுப்பில் கேட்டுப் பாருங்கள். கோடு என்பான் ஒருவன். கவிதை அடி என்பாள் ஒருத்தி. தொலைபேசித் தொடர்பு, ரயில் பாதை, கப்பல் கம்பனி, பூமத்திய ரேகை, முகச் சுருக்கம், நடிகன் மேடையில் பேசும் வசனம், ஒருவருடைய தொழில் எல்லாம் ‘லைன்’ தான். கிரிக்கெட் வர்ணனை கேட்பவர்களுக்குப் பந்து வீச்சாளரின் லைனும் தெரியும். இத்தனை பொருள்களும் ஒரு சொல்லுக்குள் எப்படி வந்து குடியேறின? எல்லாவற்றுக்கும் மூலம் ஒரு செடி என்றால் நம்புவீர்களா?

அந்தச் செடிக்கு நாம் ஆளி என்கிறோம். ஆளி விதை எண்ணெயைக் கிரிக்கெட் மட்டைக்குப் பூசுவார்கள். அதன் தண்டை ஊறவைத்து உரித்தால் நார் கிடைக்கும். நாரைத் திரித்தால் நூல். நூலை நெய்தால் லினன் துணி. பண்டை எகிப்தியர் தம் அரசர்களின் உடலைச் சுற்றிப் பாதுகாத்தது இந்தத் துணியால்தான். லத்தீன் மொழியில் இந்தச் செடிக்கு ‘லீனும்’ என்று பெயர். அந்த நாரில் திரித்த நூல் ‘லீனெயா’. அந்த லீனெயா நேர் வழியாகவும், பிரெஞ்சு மொழியைச் சுற்றிக்கொண்டும் இங்கிலாந்துக்குப் போய் ‘லைன்’ ஆயிற்று. ஆகவே லைன் என்றால் முதலில் கோடு அல்ல, கயிறு. நம் தையற்காரர் சட்டைக்கு உள்ளே வைத்துத் தைக்கும் ‘லைனிங்’ துணி, தரையில் விரிக்கும் ‘லினோலியம்’ எல்லாம் இந்தச் செடியின் வாரிசுகளே.

கயிற்றை இழுத்துப் பிடித்தால் நேராக நிற்கும். கொத்தனார் அப்படித்தான் சுவர் எழுப்புகிறார்; தச்சர் அப்படித்தான் மரம் அறுக்கிறார். இழுத்துப் பிடித்த நூலின் தடம் கோடு. கோட்டின் மேல் எழுதினால் எழுத்தின் வரி. வரியாக நின்றால் ஆட்களின் வரிசை. தந்தையிலிருந்து மகன், மகனிலிருந்து பேரன் என்று இழுத்தால் வம்சம். இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாகப் பொருள் கிளைத்தது.

இதைப் படித்தபோது எனக்கு நன்னூல்தான் நினைவுக்கு வந்தது. நூல் என்று புத்தகத்துக்கு ஏன் பெயர் வந்தது என்பதற்குப் பவணந்தியார் பாயிரத்தில் தச்சனின் நூலைத்தான் உவமை காட்டுகிறார். மரத்தின் வளைவை நூல் போட்டுத் தீர்ப்பது போல மனத்தின் கோணலைத் தீர்ப்பது நூல் என்பது அவர் கருத்து. ஐரோப்பாவில் இழையிலிருந்து எழுத்தின் வரி பிறந்தது. நம் நாட்டில் இழையிலிருந்து புத்தகம் முழுவதுமே பிறந்துவிட்டது.

இன்னொரு பொருத்தமும் உண்டு. கொடி என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அது படரும் செடி. பிறகு துணி காயப்போடும் கயிறு. தாலிக்கொடி, தொப்புள்கொடி என்று உறவின் கயிறு. கடைசியில் கொடிவழி என்றால் வம்சம். செடியிலிருந்து கயிறு, கயிற்றிலிருந்து வம்சம் என்று ஆளிச் செடி லத்தீனில் நடந்த அதே பாதையில் நம் கொடியும் நடந்திருக்கிறது. ஒருவரைப் பார்த்து ஒருவர் படித்ததல்ல இது. கயிறு திரித்த கைகள் எங்கே இருந்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் நினைத்திருக்கின்றன.

‘கோடு’ என்பதோ நேர் எதிர். கோடுதல் என்றால் வளைதல். அதனால்தான் விலங்கின் கொம்பும் யானைத் தந்தமும் சங்கும் கோடு எனப்பட்டன. நடுவு நிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் கோடாமை என்று சொல்வது வளையாதிருத்தலை. வளைவைக் குறித்த சொல் நேர்க்கோட்டுக்கும் வந்து நிற்கிறது. போதாததற்கு யாழ்ப்பாணத்தார் நீதிமன்றத்தையும் கோடு என்பார்கள். ‘கோடு கச்சேரி ஏறி இறங்கினேன்’ என்பது அங்கே வழக்கு. அது ஆங்கிலக் ‘கோர்ட்’டின் திரிபு. அங்கே நியாயம் கோடுகிறதா, கோடாமல் நிற்கிறதா என்பதை வழக்குக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன்.

‘லயம்’ என்ற சொல் எப்படி வந்தது என்று மேடைகளில் ஒரு விளக்கம் அடிக்கடி சொல்லப்படுகிறது. குதிரை கட்டும் இடத்துக்கு லாயம் என்று பெயர். வெள்ளைக்காரத் துரைமார் எங்கள் மூதாதையரைக் குதிரைகளைப் போலக் கட்டி வைத்தார்கள். ஆகவே லாயம் லயம் ஆயிற்று என்பார்கள். கைதட்டல் கிடைக்கும் விளக்கம். நானும் இளம் வயதில் மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கியவன்தான். ஆனால் மொழி வரலாறு அதற்கு இடம் கொடுக்கவில்லை. துரைமார் தங்கள் எழுத்துகளில் இந்தக் குடியிருப்புகளைக் ‘கூலி லைன்ஸ்’ என்றே குறித்தார்கள். அசாம் தேயிலைத் தோட்டங்களிலும், மலாயா றப்பர்த் தோட்டங்களிலும், பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களிலும் இதே ‘லைன்’ தான். அந்த லைன் நம்மவர் வாயில் ‘லயன்’ ஆகிப் பிறகு ‘லயம்’ ஆயிற்று. ஈற்றில் னகரமும் மகரமும் இடம் மாறுவது தமிழுக்குப் புதிதல்ல. நிலம் நிலன் ஆகும், அறம் அறன் ஆகும். கடைப்போலி என்று வகுப்பில் படிப்பிக்கிறோமே, அதுதான். இங்கே அது தலைகீழாக நடந்திருக்கிறது. லயம் ஆனதும் அது அத்துச் சாரியையும் பெற்று ‘லயத்து வீடு’, ‘லயத்துக்குப் போனான்’ என்று முழுத் தமிழ்ச் சொல்லாகவே நடமாடத் தொடங்கிவிட்டது. இசையின் லயமும் ஆலயத்தின் லயமும் ஏற்கெனவே காதில் பழகியிருந்தது இதற்கு உதவியிருக்க வேண்டும். பிரஜாவுரிமைச் சட்டம் எங்களை ஏற்றுக்கொள்வதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்பே தமிழ் இலக்கணம் எங்கள் வீட்டை ஏற்றுக்கொண்டுவிட்டது.

ஆனால் குதிரைக்காரர் விளக்கத்தை நான் முற்றாகத் தள்ளிவிடவும் மாட்டேன். ஏன் என்றால் ‘லைன்ஸ்’ என்பது ஆங்கிலத்தில் படைமுகாமின் சொல். கூடாரங்களையும் குடிசைகளையும் நூல் பிடித்து வரிசையாக அமைத்து, அவற்றில் சிப்பாய்களைத் தங்கவைத்தார்கள். இந்தியாவில் சிப்பாய் லைன்ஸ், போலிஸ் லைன்ஸ் என்பவை இப்படி வந்தவை. குதிரைப்படையில் நீளமான ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி அதில் குதிரைகளை வரிசையாகப் பிணைப்பார்கள். அதற்கு ‘ஹோர்ஸ் லைன்ஸ்’ என்று பெயர். ஆக, மேடைப் பேச்சாளர் சொற்பிறப்பில் தவறினாலும் குதிரையைத் தவறவிடவில்லை. அது லாயத்தில் இல்லை, லைனிலேயே நின்றுகொண்டிருக்கிறது.

தோட்டத்து மொழியில் படைமுகாமின் வாடை வேறு இடங்களிலும் உண்டு. விடியற்காலையில் ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடம் பிரட்டுக்களம். பிரட்டு என்பது ‘பரேட்’. சிப்பாய்க்கு லைனும் பரேட்டும் எப்படியோ, தொழிலாளிக்கு லயமும் பிரட்டும் அப்படி. இது தற்செயல் அல்ல. இலங்கையில் கோப்பித் தோட்டத்துக்கு வழிகாட்டியவர்களில் ஒருவரான தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ், 1815இல் வாட்டர்லூப் போர்க்களத்தில் நின்ற படைத்தளபதி. அவருக்குப் பின் கண்டிச் சீமையில் காணி வாங்கித் தோட்டம் திறந்தவர்களிலும் இராணுவ அதிகாரிகள் பலர் இருந்தார்கள். தெரிந்த ஒழுங்கைத்தானே மனிதர் புதிய இடத்தில் நடைமுறைப்படுத்துவார்கள்?

முகாம் என்பது தற்காலிகமானது. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் காலத்துக்கு ஆட்கள் தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாகக் கால்நடையாக வந்து, வேலை முடிந்ததும் உயிரோடு மிஞ்சியவர்கள் திரும்பிப் போனார்கள். அவர்களுக்கு முகாம் போதும் என்று நினைத்தார்கள். 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது. அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்பே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டிருந்தார். 1876இல் றப்பர் நாற்றுகள் ஹெனரத்கொடைக்கு வந்து சேர்ந்தன. கோப்பி அழிந்த பின்னர் எங்கள் களனிப் பள்ளத்தாக்கில் தேயிலையும் அதன்பின் றப்பரும் பரவின. இவை வருடம் முழுவதும் ஆள் கேட்கும் பயிர்கள். வந்தவர்கள் குடும்பத்தோடு தங்கினார்கள். பிள்ளைகள் பிறந்தன, பேரர்கள் பிறந்தார்கள். குடியிருப்பு மட்டும் முகாமாகவே இருந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, முன்னால் ஒரு சிறு தாழ்வாரம், மேலே தகரம். சில லயங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசை. பின்பக்கத்தில் ஜன்னலுக்கும் வழியில்லை.

அந்த அறைக்கு எங்கள் சொல் காம்பரா. இது போர்த்துக்கேயரின் ‘காமரா’. அதன் லத்தீன் மூலத்திலிருந்துதான் ஆங்கிலச் ‘சேம்பரும்’ வந்தது; படம் பிடிக்கும் கமெராவும் வந்தது. கமெராவின் முழுப் பெயர் ஆதியில் ‘இருட்டறை’ என்பதாகும். அடுப்புப் புகை படிந்த எங்கள் காம்பராவை நினைத்தால் அந்தப் பெயர் இடம் மாறிப் போய்விட்டதோ என்று தோன்றும். முன் தாழ்வாரம் இஸ்தோப்பு; இது ஒல்லாந்தரின் ‘ஸ்தூப்’. நியூயோர்க்கில் வீட்டு வாசற்படியை ‘ஸ்தூப்’ என்று சொல்கிறார்களே, அதுவும் இதே ஒல்லாந்தர் கொண்டுபோய் வைத்ததுதான். போர்த்துக்கேயருடைய காம்பரா, ஒல்லாந்தருடைய இஸ்தோப்பு, ஆங்கிலேயருடைய லயன். இந்த நாட்டை ஆண்ட மூவரும் ஒருவர்பின் ஒருவராக வந்து, எங்கள் பத்தடி வீட்டில் ஆளுக்கொரு சொல்லை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அப்படியானால் வரிசைக்குத் தமிழில் சொல் இல்லையா? இருக்கிறது, அதுவும் தோட்டத்திலேயே இருக்கிறது. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் ‘நெரை பிடிக்கிறது’ என்பார்கள். தேயிலைச் செடிகளின் ஒரு வரிசை ஒரு நெரை. கங்காணி காட்டும் நெரையில் ஏறினால் முடிக்கும்வரை இறங்க முடியாது. இது சங்க இலக்கியத்து ஆநிரையின் நிரை. யாப்பிலக்கணத்து நேரசை, நிரையசையின் நிரை. வகுப்பில் அசை பிரிக்கப் படிப்பிக்கும்போது நான் நெரையைச் சொல்லித்தான் தொடங்குவேன். தோட்டப் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். தோட்டத்தின் மேல் பிரிவையும் கீழ்ப் பிரிவையும் மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று சொல்வதும் உண்டு. பதினெண்கீழ்க்கணக்கு என்றதும் “அது யாரு தோட்டம் சேர்?” என்று கேட்ட குறும்புக்காரர்களையும் நான் பார்த்திருக்கிறேன். வேலை செய்யும் இடத்தின் வரிசை தமிழாகவே இருந்தது. படுத்து உறங்கும் இடத்தின் வரிசைதான் ஆங்கிலமாகிவிட்டது.

யட்டியாந்தோட்டைக்கு இன்னொரு லைனும் வந்தது. அவிசாவளையிலிருந்து களனிப் பள்ளத்தாக்கு ரயில் பாதையின் ஒரு கிளை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எங்கள் ஊர்வரை நீண்டது. இரண்டரை அடி அகலச் சிறு பாதை. தேயிலையும் றப்பரும் கொழும்புக்குப் போவதற்காகப் போட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதை மூடிவிட்டார்கள். சிறு வயதில் ரயில் சத்தம் கேட்டதாக என் தாத்தா சொல்வார். போகிற லைனை எடுத்துவிட்டார்கள், இருக்கிற லைனை விட்டுவிட்டார்கள் என்பது அவருடைய பகிடி.

ஆனால் அவருடைய பகிடிக்கு அடியில் வேறு ஒரு கோடும் உண்டு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் போட்ட கோடு. அதற்கு அந்தப் பக்கம் நின்ற எங்களை எண்ணி 1964இல் இரண்டு பிரதமர்கள் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மீதி 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வது. மீதியை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பராக்கள். நான் நடக்கத் தொடங்கிய காலத்தில் அவற்றில் நான்கு குடும்பங்கள் தலைமன்னாருக்குப் போய்க் கப்பல் ஏறின என்று அம்மா சொல்லியிருக்கிறார். என் அப்பாயியின் தங்கை அவர்களில் ஒருவர். இஸ்தோப்பில் அவர் கட்டியிருந்த துணிக்கொடி அவர் போன பின்னும் நெடுங்காலம் அங்கேயே கிடந்ததாம். கொடி இருந்தது, கொடிவழி போய்விட்டது.

இனி என் சொந்தக் கதை ஒன்று. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வேலை தேடிய காலம். ஓர் அலுவலகத்திலிருந்து எனக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தது. உறையில் என் பெயர், அப்பாவின் பெயர், தோட்டத்தின் பெயர். லயங்களுக்கு இலக்கம் தோட்டத்துப் புத்தகத்தில்தான் இருந்தது. தபால்காரருக்கு அது விலாசம் அல்ல. கடிதங்களெல்லாம் ஓர் இடத்தில் குவியும். அங்கிருந்து யாராவது கொண்டுவந்தால் உண்டு. அப்பாவின் பெயரில் தோட்டத்தில் மூன்று பேர். கடிதம் மற்ற இருவரின் காம்பராக்களையும் சுற்றிவிட்டு, நேர்முகப் பரீட்சை முடிந்து பதினோரு நாளின் பின் எங்கள் இஸ்தோப்புக்கு வந்தது. அப்பா ஒட்டுப்பால் நாற்றம் அடிக்கும் கையோடு அதை வாங்கி, பிரிக்காமல் என்னிடம் நீட்டினார். நல்ல செய்தி என்று அவருக்கு நினைப்பு. நான் வாசித்துவிட்டு, “சும்மா ஒரு கடிதம்” என்று சொன்னேன்.

‘டெட்லைன்’ என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த உறை கண்முன் வரும். இந்தப் பத்திக்கே பத்திரிகையார் ஒரு டெட்லைன் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லின் பிறப்பிடம் பத்திரிகை அலுவலகம் அல்ல, சிறைச்சாலை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864இல், ஜோர்ஜியா மாநிலத்து அண்டர்சன்வில் கைதி முகாமில் வேலிக்கு உள்ளே ஒரு கோடு குறித்தார்கள். அதைத் தாண்டிய கைதியைக் காவலர் சுட்டுவிடலாம். சாவுக்கோடு என்பதுதான் பொருள். இன்று அதுவே வெறும் காலக்கெடுவாகச் சாதுவாகிவிட்டது. கூர்மையான சொற்களும் பழகப் பழக மழுங்கிவிடுகின்றன. ‘லயத்துப் பிள்ளைகள்’ என்று நான் படித்த காலத்தில் பாடசாலையில் அழைக்கும் தொனியும் அப்படி மழுங்கிப்போயிருக்கும் என்று நினைத்திருந்தேன். அன்று கணினி அறையில் கேட்ட சிரிப்பு, இன்னும் கொஞ்சம் கூர் இருக்கிறது என்று சொல்லியது.

கொரோனாக் காலத்தில், 2020, 2021ஆம் ஆண்டுகளில், ஒன்லைன் வகுப்பு நடத்தச் சொன்னார்கள். லயனிலிருந்து ஒன்லைன்! தகரக் கூரைக்குக் கீழே சிக்னல் கிடைக்காமல் பிள்ளைகள் றப்பர் மலை உச்சிக்கு ஏறி, பாறையில் உட்கார்ந்து என் குரலைக் கேட்டார்கள். வீட்டில் கைத்தொலைபேசி ஒன்று, பிள்ளைகள் மூன்று. அட்டைக் கடியோடு சிலப்பதிகாரத்துக் கானல்வரி படித்த வகுப்பு என்னுடையது. இந்த வரியும் பாருங்கள், கோடாகவும் எழுத்தாகவும் இசைப்பாட்டாகவும் அரசிறையாகவும் பல வேடம் போடும் சொல்தான். அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

சில தோட்டங்களில் இப்போது ஏழு பேர்ச் காணியில் தனி வீடுகள் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியொரு வீட்டுக்குக் குடிபோன என் உறவுக்காரக் கிழவி ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். சுவருக்கு நீல நிறம் பூசியிருந்தது. இரண்டு பக்கமும் ஜன்னல். பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டவில்லை. வாசலில் இலக்கம். “புது லயம் எப்படி இருக்கு பார்த்தியா?” என்று கேட்டார். இது லயம் இல்லை அப்பாயி, வீடு என்றேன். “அதத்தான்டா சொல்றேன், புது லயம்” என்றார். மேலே நான் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய அகராதியில் வீட்டுக்கு அதுதான் சொல்.

அந்த மாணவனை விட்டுவிட்டேன் அல்லவா? அன்று அவனுக்கு நான் விளக்கினேன்: இங்கே லைன் என்றால் எழுதும் வரி, முதலாம் வரியில் உன் வீட்டை எழுது. அவன் யோசித்து, முதலாவது லைனில் ‘லைன் நம்பர் 4, காம்பரா 7’ என்று பதிந்தான். இரண்டாவது லைனில் தோட்டத்தின் பெயர். மூன்றாவதில் யட்டியாந்தோட்டை. காம்பரா என்ற சொல்லுக்குக் கீழே கணினி சிவப்புக் கோடு போட்டது. பிழை என்றது. “மாத்தவா சேர்?” என்றான். வேண்டாம் என்றேன்.

சென்ற வாரம் இடைவேளை மணி அடித்ததும் ஆசிரியர் ஓய்வறைக்கு வெளியே வந்து நின்றான். கையில் நீளமான உறை. முகவரியில் முதல் வரி அவன் பதிந்தபடியே அச்சாகியிருந்தது. பிரிக்கவில்லை, நீங்களே பிரியுங்கள் என்று நீட்டினான். பிரித்துத் திகதியைத்தான் முதலில் பார்த்தேன். நேர்முகப் பரீட்சைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.